கலையறிவு யாருடைய தனிச் சொத்து?

கலை என்றும், சங்கீதம் என்றும், சிற்பம் என்றும், காவியம் என்றும் பேச்செடுத்தால், நம் நாட்டில் ஒரு கூட்டத்தார் உடனே கண்ணை மூடிக்கொண்டு, “ஆகா! இது தெய்வீகம்! இதை அனுபவிப்பதற்குப் பூர்வ ஜன்ம வாசனை வேண்டும், கண்டவனுக்கெல்லாம் வந்துவிடாது” என்று சொல்ல ஆரம்பித்து விடுகிறார்கள். மற்றொரு கூட்டத்தார், அதிலும் நம்மவர்களிலேயே சிலர், “அதெல்லாம் வயிறு நிரம்பினவன் வேலை; நமக்கெதற்கு?” என்று சொல்லி ஒதுங்கிக் கொள்ளுகிறார்கள். முன்னவர் கதவைச் சாத்துகிறார். பின்னவர் சாத்தின கதவைத் தட்டிப் பார்க்காமலேயே திரும்பி வருகிறார். இரண்டினாலும் நஷ்டமடைபவன் யார் என்றால், வேலூரிலும், ஆம்பூரிலும், வாணியம்பாடியிலும், பேரணாம்பட்டிலும், இராணிப்பேட்டையிலும் காலையில் ஷிப்டுக்குப் போய் மாலையில் தோல் நாற்றத்துடன் வீடு திரும்புகிற தொழிலாளிதான்.

ஆகவே கலையை அறிவது என்றால் என்ன, அதற்கு வேண்டிய அடிப்படை எவை, அவை பிறவியால் வருகின்றனவா அல்லது பழக்கத்தால் வருகின்றனவா என்பதைச் சற்று விளக்கமாக ஆராய வேண்டும் என்று கருதுகின்றோம்.

ஒரு பொருளை அறிந்து அனுபவிப்பதற்குச் சில கேள்விகள் கேட்கத் தெரிந்தால் போதும். அது எதனால் ஆனது? யார் செய்தது? எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது? என்ன சொல்லுகிறது? எந்தக் காலத்தில், யாருக்காக, யார் செலவில் உண்டாயிற்று? அதற்குள் வராமல் தள்ளப்பட்டவர்கள் யார்? இவ்வளவுதான் விஷயம். மாடு வாங்கப் போகிறவன் பல்லைப் பார்க்கிறான், சுழியைப் பார்க்கிறான், நடக்கவிட்டுப் பார்க்கிறான். தோல் வாங்கப் போகிறவன் கையால் தடவி, மடித்துப் பார்த்து, ஓட்டை, வடு, உண்ணி கடித்த தழும்பு எல்லாம் கண்டு தரம் பிரிக்கிறான். இந்த யோக்கியதை பூர்வ ஜன்மத்தில் வந்ததா? பத்து நாள் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டதுதானே! அப்படியிருக்கப் பாட்டுக்கும் சிலைக்கும் மாத்திரம் பூர்வ ஜன்மம் எதற்கு என்று கேட்கின்றோம்.

தோலும் நாதமும்

முதலில் எதனால் ஆனது, யார் செய்தது என்பதைக் கவனிப்போம். சங்கீத சபையில் மேடையின்மேல் வைத்து, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப்படுகிற மிருதங்கம் எதனால் ஆனது? பலா மரத்தைக் குடைந்த கட்டை ஒன்று. அதன் இரண்டு வாயையும் மூடுவது பசுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல். இரண்டு தலையையும் இழுத்துக் கட்டுகிற வார் எருமைத்தோல். ஆக, மரத்தைத் தவிர மற்றதெல்லாம் செத்த மிருகத்தின் உடம்பு. இதை உரித்தவன், ஊறவைத்தவன், மயிர் களைந்தவன், சதை சீவினவன், அளவாக வெட்டினவன், மூட்டினவன் யார்? தலைமுறை தலைமுறையாகப் பெரும்பாலும் ஆதித்திராவிடர், அவர்களிலும் பலர் கிறிஸ்தவர்களாக மாறியவர்கள். இவர்கள் மூட்டிக் கொடுத்த வாத்தியத்துக்குப் பூஜை. மூட்டின கைக்கு மாத்திரம் தீட்டு. வாசித்தவருக்கு வித்துவான் என்று பட்டம். செய்தவனுக்குப் பெயரே கிடையாது.

இது ஏதோ பழங்காலத்துக் கதை என்று யாரும் சமாதானம் சொல்ல வேண்டாம். மிருதங்கம் செய்கிறவர்களைப் பற்றி டி.எம்.கிருஷ்ணா என்ற பாடகர் ‘செபாஸ்டியன் அண்டு சன்ஸ்’ என்று ஒரு புத்தகம் எழுதினார். அதன் வெளியீட்டு விழாவுக்குச் சென்னையிலுள்ள கலாக்ஷேத்திரம் முதலில் இடம் தருவதாக ஒப்புக்கொண்டு, 2020-ஆம் வருஷம் விழா நடக்க இருந்த சமயத்தில், பத்திரிகையில் வந்த பகுதியைப் பார்த்து, அதில் அரசியல் இருக்கிறதென்று கூறி அனுமதியை ரத்து செய்துவிட்டது. பின்னர் அந்த விழா வேறொரு கல்லூரியில் நடந்தது. இதன் தாத்பரியம் என்ன? மாட்டுத்தோலில் கை வைத்து வாசிக்கலாம். அது மாட்டுத்தோல் என்று மாத்திரம் சொல்லக்கூடாது! சொன்னால் அரசியல் வந்துவிடுகிறது. சொல்லாமல் மறைத்து வைத்திருந்த காலத்தில் அதில் அரசியல் இல்லையா என்று கேட்கின்றோம்.

நாதம் எங்கிருந்து வருகிறது?

இனி, எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்ற கேள்வி. இதுதான் அனுபவிப்பதற்கு மிகவும் முக்கியமானது. சாதாரணமாக ஒரு தோலை இழுத்துக் கட்டி அடித்தால் சத்தம் வரும்; சுருதி நிற்காது. ஏனென்றால் அதிலிருந்து எழும் பல ஒலிகள் ஒன்றுக்கொன்று கணக்கில் பொருந்துவதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையின் நடுவில் கறுப்பாக வட்டமாய் ஒன்று இருக்கிறதல்லவா? அதற்குச் சோறு என்றே பெயர். வடித்த சோற்றையும் கல்லை இடித்துப் பொடித்த கருந்தூளையும் பிசைந்து, கொஞ்சம் கொஞ்சமாக அப்பி, ஒவ்வொரு அடுக்கையும் தேய்த்துத் தேய்த்து ஏற்றுகிறார்கள். இந்தப் பாரம் நடுவில் ஏறினதும், சிதறிக் கிடந்த ஒலிகள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்ற முழுக் கணக்கில் வந்து பொருந்தி, நரம்பு வாத்தியத்தைப் போலச் சுருதி கொடுக்கின்றன. இதைச் சி.வி.இராமன் பரிசோதித்து 1920-ஆம் வருஷம் ‘நேச்சர்’ என்ற விஞ்ஞானப் பத்திரிகையில் சிவகாளி குமார் என்பவருடன் சேர்ந்து எழுதினார். எழுதினவர் எந்த ஜாதி என்பது நமக்குக் கேள்வியல்ல. கணக்கு சரியா என்பதே கேள்வி. கணக்கு சரி. அப்படியானால், அந்தக் கணக்கைக் காகிதமும் கருவியும் இல்லாமல், காதினாலும் விரலினாலும் எத்தனையோ காலத்துக்கு முன்பே கண்டுபிடித்துச் சோறு ஏற்றினவன் விஞ்ஞானியா அல்லவா? அவனை ஏன் தொடக்கூடாதவன் என்றீர்கள்?

நாதம் தேவலோகத்திலிருந்து இறங்கவில்லை. சோற்றிலிருந்தும் கல்லிலிருந்தும் தோலிலிருந்தும் மனிதன் புத்தியிலிருந்தும் வந்தது. இதை அறிந்துகொண்டு கேட்கிறவனுக்குச் சங்கீதத்தின் இன்பம் குறைந்துவிடுமா? இரட்டிப்பாகத்தான் ஆகும். தாளம் என்று பயமுறுத்துகிறார்கள். ஆதி தாளம் என்பது எட்டு எண்ணிக்கை. நாலு, இரண்டு, இரண்டு என்று பிரித்துக் கையால் போட்டுக்கொண்டு கேட்டுப் பாருங்கள். பாட்டு எங்கே எடுக்கிறது, மிருதங்கக்காரர் எங்கே சுற்றிக்கொண்டு போய் எங்கே திரும்பி வந்து விழுகிறார் என்பது நாலு நாளில் பிடிபடும். பிடிபட்ட பிறகு இவர் நன்றாக வாசித்தார், அவர் ஏமாற்றினார் என்று நீங்களே சொல்லுவீர்கள். பிறகு எந்தக் கண் மூடியும் உங்களை மிரட்ட முடியாது.

இந்த அளவும் கணக்கும் நமக்குப் புதியவையல்ல. சிலப்பதிகாரத்தில் அரங்கேற்று காதையைப் பாருங்கள். மேடை எட்டுக் கோல் நீளம், ஏழு கோல் அகலம், ஒரு கோல் உயரம் என்று அளவு சொல்லப்பட்டிருக்கிறது. ஆட்டம் கற்பிக்கிற ஆசிரியன், பாடுகிறவன், பாட்டு எழுதுகிற புலவன், தண்ணுமை அடிக்கிறவன், குழல் ஊதுகிறவன், யாழ் வாசிக்கிறவன் ஒவ்வொருவனுக்கும் இன்ன இன்னது தெரிந்திருக்க வேண்டும் என்று தனித்தனியே யோக்கியதை சொல்லப்பட்டிருக்கிறது. தோல் கருவிக்காரனும் ஆசிரியனாகவே அங்கே நிற்கிறான். கற்றுத் தேறுவதைப் பற்றித்தான் பேச்சு.

சொல்லும் விஷயம் வேறு, சொல்லும் முறை வேறு

மூன்றாவது கேள்வி, என்ன சொல்லுகிறது என்பது. இங்கேதான் நம் தோழர்களுக்கு அடிக்கடி குழப்பம் ஏற்படுகிறது. ஒரு கலையின் அமைப்பு நன்றாயிருக்கலாம். அது சொல்லுகிற சங்கதி விஷமாயிருக்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிவதே அறிவு. நம் வடாற்காட்டுப் பக்கம் தெருக்கூத்துக்குப் பேர்போன பிரதேசம். விடிய விடியப் பாரதக் கூத்து நடக்கிறது. கதை புராணம், அதிலுள்ள சூதும், பெண்ணைப் பணயம் வைக்கிற அநியாயமும், வரமும் சாபமும் நமக்கு வேண்டியதில்லை. ஆனால் கட்டியக்காரனைக் கவனியுங்கள். ராஜா வந்து தன் பெருமையைப் பாடினால், பக்கத்தில் நின்று, “அதென்ன ராஜா?” என்று கேலி பண்ணுகிறவன் அவன். ஒலிபெருக்கியும் மின்சார விளக்கும் இல்லாத காலத்தில், ஆயிரம் பேருக்குத் தெரியும்படி மரக்கட்டையில் கண்ணாடி பதித்த புஜகீர்த்தியும் கிரீடமும் கட்டிக்கொண்டு, எட்டுக் கட்டையில் பாடி ஆடினார்களே, அந்தச் சாமர்த்தியம் யாருடையது? உழுகிறவனுடையது, நெய்கிறவனுடையது, கூலிக்காரனுடையது. அந்தச் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டே சங்கதியைத் தள்ளலாம். அதே சாமர்த்தியத்தை நல்ல சங்கதிக்கும் உபயோகிக்கலாம்.

பிடிக்காததைத் தள்ளுவதற்கும் படிப்பு வேண்டும். 1943-ஆம் வருஷம் கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்த வேண்டுமா என்று தோழர் அண்ணாதுரை ஒரு பக்கமும், ரா.பி.சேதுப்பிள்ளை, நாவலர் சோமசுந்தர பாரதியார் மறுபக்கமுமாக விவாதம் நடந்தது. கொளுத்த வேண்டும் என்று பேசினவர் கம்பனைப் படிக்காமல் பேசவில்லை; எதிர்த் தரப்பார் அயரும்படி பாட்டுப் பாட்டாக எடுத்துக் காட்டிப் பேசினார். படியாதவன் தள்ளினால் அது வெறுப்பு. படித்தவன் தள்ளினால் அது தீர்ப்பு. நம்மவர்கள் இந்த வித்தியாசத்தை மறந்துவிடக் கூடாது.

யாருக்காக? யார் செலவில்?

வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் இருக்கிறது. அதன் கல்யாண மண்டபத்தைப் பார்க்க வெளியூரிலிருந்தெல்லாம் வருகிறார்கள். பக்கத்தில் இருக்கிற நாம் தேர்த்திருவிழாக் கூட்டத்தோடு உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து விடுகிறோம். கும்பிடுகிறவன் கண்ணை மூடுகிறான்; மூடின கண்ணுக்குச் சிற்பம் எப்படித் தெரியும்? தூணைச் சுற்றி வந்து பாருங்கள். முன்னங்காலைத் தூக்கி எழும்புகிற குதிரை, அதன்மேல் வீரன், யாளி, இவையெல்லாம் ஒட்டவைத்தவை அல்ல; தூணோடு சேர்ந்த கருங்கல்லிலிருந்தே விடுவித்தவை. உளி ஒருமுறை தவறினால் அந்தக் கால் போயிற்று; போனது போனதுதான். கல்லின் பாரம் எங்கே நிற்கிறது, வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது, குதிரையின் கழுத்து நரம்பு எப்படி முறுக்கேறியிருக்கிறது என்று பாருங்கள். அதுதான் சிற்பத்தைப் பார்ப்பது.

பிறகு கேளுங்கள்: 16-ஆம் நூற்றாண்டில், விஜயநகரத்துக்கு உட்பட்ட நாயக்கர் ஆட்சியில், இது எழும்பியபோது கல் சுமந்தவன் யார்? அந்த நாளில் வேலூரில் அதிகாரம் செய்த சின்ன பொம்ம நாயக்கர், அப்பைய தீட்சிதர் என்ற பண்டிதருக்குக் கனகாபிஷேகம், அதாவது பொற்காசால் குளிப்பாட்டல், செய்ததாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஏட்டில் எழுதினவருக்குப் பொன், பெயரும் நிலைத்தது. கல்லில் எழுதினவனுடைய பெயரை அந்த மண்டபத்தைச் சுற்றிக் காட்டுகிறவர்களில் யாராவது சொல்லக் கேட்டதுண்டா? கலையைப் புகழுவதும் கலைஞனை மறைப்பதும் இந்த நாட்டில் ஒரே காரியமாக நடந்து வந்திருக்கிறது.

சதிரின் கதையும் இதுவேதான். பொட்டுக்கட்டப்பட்ட பெண்கள் தலைமுறை தலைமுறையாக அந்த ஆட்டத்தைக் காப்பாற்றினார்கள். அவர்கள் ஆடினபோது அது இழிவு. டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் 1930-இல் மசோதா கொண்டுவந்து, 1947-இல் பொட்டுக்கட்டும் வழக்கம் சட்டத்தால் ஒழிந்தது மிகவும் சரியான காரியம். அதில் நமக்குச் சந்தேகமே கிடையாது. அந்த வாழ்க்கையின் கொடுமையை மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936-இல் ‘தாசிகள் மோசவலை’ என்ற நாவலாகவே எழுதினார். ஆனால் அதே 1930-களில் அந்த ஆட்டம் பரத நாட்டியம் என்ற பெயரோடு மேல்ஜாதி வீட்டுக்குப் போனதும் தெய்வீகமாகி விட்டதே, அது எப்படி? கை ஒன்று, கால் ஒன்று, ஜதி ஒன்று. ஆடுகிற உடம்பின் ஜாதி மாறினவுடன் இழிவு புனிதமாகிறது என்றால், இழிவும் புனிதமும் ஆட்டத்தில் இல்லை, ஜாதியில்தான் இருக்கிறது என்பது விளங்கவில்லையா?

பறை சொன்ன சேதி

தள்ளப்பட்டவர் யார் என்ற கடைசிக் கேள்விக்குப் பறையைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. பறைதல் என்றால் சொல்லுதல். சேதி சொல்லும் கருவியாதலால் அதற்குப் பறை என்று பெயர். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களை எண்ணுகிறபோது, தெய்வம், உணவு, மரம், யாழ் முதலியவற்றோடு பறையையும் சேர்த்து எண்ணுகிறது. குறிஞ்சிக்கும் பறை உண்டு, மருதத்துக்கும் பறை உண்டு. அப்படிப்பட்ட கருவி சாவுக்கு மாத்திரம் என்றும், அடிக்கிறவன் தீண்டாதவன் என்றும் ஆக்கப்பட்டு, அதன் பேரால் ஒரு ஜாதியே குறிக்கப்பட்டு, அந்தச் சொல் இங்கிலீஷ் அகராதி வரையில் போய் ஒதுக்கப்பட்டவன் என்ற அர்த்தத்தில் உட்கார்ந்து விட்டது. மிருதங்கமும் தோல், பறையும் தோல். ஒன்று சபையில், ஒன்று சுடுகாட்டில். இதற்கு இசையில் காரணம் உண்டா? நெருப்பில் காய்ச்சிச் சுருதி ஏற்றி, ஒரு கையில் அடிக்குச்சியும் மறு கையில் சிண்டுக்குச்சியும் வைத்துப் பின்னுகிற பின்னலில் கணக்கு இல்லையா? 2025-ஆம் வருஷம் மதுரையைச் சேர்ந்த வேலு ஆசான் என்ற பறைக் கலைஞருக்கு இந்திய அரசாங்கம் பத்மஸ்ரீ பட்டம் கொடுத்தது. சந்தோஷம். ஆனால் பட்டம் ஒருவருக்கு. இழிவு ஊர் ஊராக இருக்கிறது. சாவுக்கு அடிக்க மாட்டேன் என்று சொல்லுகிற உரிமையும், எந்த மேடையிலும் அடிப்பேன் என்று சொல்லுகிற உரிமையும் அடிக்கிறவனுக்கு வந்த அன்றுதான் இழிவு தீர்ந்ததாக ஆகும்.

சரித்திரத்தையும் இப்படியே படிக்க வேண்டும். 1806-ஆம் வருஷம் ஜூலை 10-ந் தேதி விடியுமுன் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளம்பினார்கள். ஏன் என்றால், புதுத் தலைப்பாகையில் தோலால் ஆன சின்னம் வைத்தார்கள், நெற்றிக் குறியை அழிக்கச் சொன்னார்கள், கடுக்கனைக் கழற்றச் சொன்னார்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிறார்கள். அவ்வளவுதானா? அதே கோட்டையில் திப்புவின் பிள்ளைகள் வைக்கப்பட்டிருந்தார்கள் என்பதையும், அன்றே ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை வந்து அடக்கியது என்பதையும், இந்தச் சங்கதிகளில் பெரும்பாலானவற்றை எழுதி வைத்தவர்கள் ஜெயித்தவர்களே என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டாமா? ஒரு துண்டுத் தோலுக்காக உயிரைக் கொடுக்கத் துணிந்த மனதை மதமும் ஜாதியும் எப்படித் தயார் செய்தன என்பதையும் பார்க்க வேண்டாமா? என்ன நடந்தது, யார் சொல்லித் தெரிகிறது, காரணம் என்ன என்ற மூன்றையும் கேட்கிறவனே சரித்திரம் படித்தவன். தேதியை ஒப்பிக்கிறவன் அல்ல.

சோறா, கலையா?

“சோற்றுக்கு வழி பாருங்கள், கலை பிறகு” என்று சொல்லும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. கலை தெரியாதவனைக் கலையைக் கொண்டே ஏமாற்றுகிறார்கள். கதாகாலட்சேபத்தில் ஏமாந்தவன் பிறகு சினிமாவில் ஏமாந்தான். இப்போது கைப்பேசியில் ஏமாறுகிறான். சங்கதி ஒன்றுதான், தட்டு மாறியிருக்கிறது. நம் இயக்கம் கலையை வேண்டாம் என்று தள்ளியதா? 1934-இல் பாரதிதாசனின் ‘இரணியன் அல்லது இணையற்ற வீரன்’ மேடையேறியது. எம்.ஆர்.ராதாவின் நாடகங்களுக்குப் பயந்து சர்க்கார் 1954-இல் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டமே கொண்டுவந்தது. அந்தச் சட்டம் 2013-இல்தான் சென்னை உயர்நீதிமன்றத்தில் செல்லாது என்று ஆயிற்று. ஒரு நடிகரின் வாய்க்குச் சட்டம் போட வேண்டியிருந்தது என்றால், கலை வயிறு நிரம்பினவன் பொழுதுபோக்கு மாத்திரமா?

நம் பாலாற்றின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். தோல் கழிவால் ஆறும் கிணறும் நிலமும் கெட்டதைப் பற்றி 1996-ஆம் வருஷம் ஆகஸ்டு 28-ந் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, கெடுத்தவனே ஈடு கொடுக்க வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பில் நம் ஊர்ப் பேர் இருக்கிறது. நம் தொழில் இருக்கிறது. ஒரு எழுத்தைப் படித்து, இது யாருக்காக எழுதப்பட்டது, இதில் யார் பேசுகிறார், யார் பேசவில்லை என்று கேட்கத் தெரிந்தவனே அதைத் தன் காரியத்துக்குப் பயன்படுத்த முடியும். பாட்டுக்குக் கேட்ட கேள்வியும் தீர்ப்புக்குக் கேட்கிற கேள்வியும் ஒன்றே. ஆகவே கலையறிவு என்பது சோற்றுக்கு விரோதமல்ல. சோற்றைப் பறிகொடுக்காமல் இருப்பதற்கான அறிவே அது.

ஆதலால் தோழர்களே! ஊர்தோறும் உள்ள வாசகசாலைகளிலும், சங்கங்களிலும் வாரம் ஒரு மாலை இதற்கென்று ஒதுக்குங்கள். ஒரு வாரம் மிருதங்கம் மூட்டுகிறவரை அழைத்துச் சோறு ஏற்றுவது எப்படி என்று கேளுங்கள். அவரை நாற்காலியில் உட்காரவைத்துக் கேளுங்கள். ஒரு வாரம் பறை. ஒரு வாரம் கூத்து. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோட்டைக்குப் போய்த் தூண்களைச் சுற்றிப் பாருங்கள். ஒருவர் ஒரு நூலைப் படிக்க, மற்றவர் கேள்வி கேட்கட்டும். ஆம்பூர்ச் செருப்புத் தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கில் வேலை செய்கிற பெண்களை விட்டுவிட்டு இதைச் செய்யாதீர்கள். அவர்கள் வரக்கூடிய நேரத்தில் செய்யுங்கள். கேள்விக்குப் பயப்படுகிற கலை எதுவோ அது கலையல்ல, புரட்டு. கேள்விக்கு நின்று பதில் சொல்லுகிற கலை எதுவோ அது நம்முடையது. அதற்குத் தோல் கொடுத்தவரும், கல் சுமந்தவரும், பாட்டுக் கட்டினவரும் நம்மவரே என்பதை அறிந்து, தலை நிமிர்ந்து கேட்கவும் பார்க்கவும் படிக்கவும் முன்வர வேண்டும் என்பதே நமது அபிப்பிராயமாகும்.